பூஜைக்கு வைத்த காம்பஸ்

தேங்காயெண்ணெயும் அரைத்த சந்தனமும் லேசாகத் துருவேறிய தகரமும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். அது கோயில் வாசனையும் இல்லை, பள்ளிக்கூட வாசனையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிற வாசனை. நவராத்திரி முடிந்து என் ஜியாமெட்ரிப் பெட்டியைத் திறக்கும்போது அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும். மற்ற வருஷங்களில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும், அந்தப் பெட்டிக்குள் என் எதிர்காலமே எண்ணெயில் ஊறிக் கிடப்பதாக நினைத்து அழுதிருக்கிறேன்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், வலியசாலையில் இருந்தோம். அப்பா தம்பானூரில் ஒரு சைவ ஹோட்டலில் காஷியர். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். என் அண்ணா கோபு எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்று, மறுபடி எழுதி மறுபடி தோற்று, வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரப்போகிறது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்த வருஷம் கணக்குப் புத்தகம் மாறிவிட்டது. பழைய முக்கோணங்களோடு புதிதாகச் சில விஷயங்கள் வந்திருந்தன: ஓர் உருவத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைவது, ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழற்றி வரைவது, இடம் மாற்றி வரைவது. அப்பா படித்த கணக்கில் உருவங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுகள் எல்லாம் எங்கே ஓடறது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வகுப்பில் மலையாளத்தில் கேட்டதை வீட்டுக்கு வரும் வழியில் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே வருவேன். வீட்டு வாசல் வருவதற்குள் பாதி உருவங்கள் தலைகீழாகியிருக்கும்.

ஓணப் பரீட்சையில் கணக்கில் தோற்றேன். பூஜை லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்றே, தோற்றவர்களுக்கு மட்டும் ஒரு டெஸ்ட் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா அன்று சாப்பிட்டு முடித்தார். கை அலம்பிவிட்டு வந்து, "அதுல தேறினா படிக்கட்டும். இல்லேன்னா ஸ்கூல் போறும். தென்காசிக்கு அனுப்பிடலாம். அவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றார். தென்காசியில் அத்தைக்கு அப்போதுதான் மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கோபு என்னைத் தனியாகப் பார்த்தபோது, "கவலைப்படாதே. கொழந்தைக்குக் கட்டற துணியை முக்கோணமாத்தான் மடிக்கணும். ஜியாமெட்ரி அங்கேயும் உண்டு" என்றான். அவனை அடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அவன் சொன்னது நிஜமாக இருந்ததுதான் காரணம்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. லீவின் ஆரம்பத்தில் பழைய பாடங்களை முடிப்பது, அஷ்டமி அன்றும் நவமி காலையிலும் உட்கார்ந்து அந்தத் திருப்பல், சுழற்றல்களைப் பார்ப்பது. எங்கள் வீட்டு வழக்கம் எங்கள் பூர்வீகமான அம்பாசமுத்திரத்து வழக்கம்: நவமியன்று புத்தகம் வைப்பது, மறுநாள் எடுப்பது. ஊர் வழக்கம் வேறு. திருவனந்தபுரத்தில் அஷ்டமி மாலையே புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கிவிடுவார்கள். இதற்குப் "பூஜைவைப்பு" என்று பெயர். வைத்துவிட்டால், விஜயதசமியன்று பூஜை செய்து எடுக்கும்வரை ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது, ஓர் எழுத்து எழுதக் கூடாது. தெருவில் மற்றக் குழந்தைகள் இதற்காகவே வருஷம் முழுவதும் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அது வரம். எங்கள் வீட்டில் ஒரு நாள் தள்ளித்தான் பூட்டு விழும் என்பதை நான் நம்பியிருந்தேன்.

அஷ்டமி அன்று மாலை நான் பெட்டியைத் திறந்து காம்பஸில் பென்சிலைச் செருகிக்கொண்டிருந்தபோது, அம்மா கையில் ஒரு தாம்பாளத்தோடு வந்து நின்றாள்.

"கொண்டா எல்லாத்தையும்."

"இன்னிக்கு அஷ்டமிம்மா. நமக்கு நாளைக்குத்தானே?"

"கோபுவும் அப்படித்தான் சொன்னான். ஊரெல்லாம் புஸ்தகத்தை மூடி வெச்சப்போ இவன் மட்டும் அஷ்டமிக்கு உக்காந்து படிச்சான். என்ன ஆச்சு? இந்த ஊர்ல இருந்துண்டு இந்த ஊர் வழக்கத்தை மீறப்படாது. இனிமே எனக்கு தைரியம் கெடையாது, கேட்டியா."

அம்மா அதை எப்போது கண்டுபிடித்தாள், எத்தனை நாள் மனசில் வைத்துப் புழுங்கினாள் என்று எனக்குத் தெரியாது. கோபு தோற்றதற்கு அவன் சோம்பல் உட்பட ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். அம்மாவுக்கு இந்த ஒன்றுதான் பிடிபட்டது. புத்தகம், நோட்டு, பென்சில், ஸ்கேல், ரப்பர், பெட்டி எல்லாம் தாம்பாளத்துக்குப் போயின. அவளுடைய கத்திரிக்கோலும் டேப்பும் ஏற்கெனவே அதில் இருந்தன. கோபுவின் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களைக்கூடத் தூசி தட்டி அடுக்கினாள். பிறகு ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக எடுத்து, துருப் போகத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டாள். காம்பஸை அவள் ஒரு நகைபோல் பிடித்துக்கொண்டு, அதன் கழுத்துத் திருகில் எண்ணெய் இறங்கும்படி சொட்டுச் சொட்டாக விட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு பக்தியாகச் செய்தாள் என்றுதான் அப்போது தோன்றியது.

அதோடு விட்டாளா என்றால், இல்லை. பயந்தவர்கள் பாதியில் நிற்பதில்லை. ஊர்க் காலண்டரில் விஜயதசமி காலையிலேயே புத்தகம் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து வரவழைக்கும் பஞ்சாங்கத்தில் தசமி அன்று பிற்பகலுக்கு மேல்தான் பிறந்தது. வைப்பதற்கு ஊர்க் கணக்கு, எடுப்பதற்கு நம் கணக்கு, இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகே தொடலாம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் பூட்டு முதலில் விழுந்தது. கடைசியில் திறந்ததும் அங்கேதான்.

அந்த நாட்களில் செய்தித்தாள்கூட மடித்த மடிப்பில் கிடக்கும். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"ஏண்டி, பஸ்ல போர்டைப் படிக்காம நான் எப்படித் தம்பானூர் போறது?"

"டிரைவரைக் கேட்டு ஏறுங்கோ."

"ஹோட்டல்ல பில்லு எழுதறேனே, அது எழுத்து இல்லையோ?"

"அந்தப் பாவம் உங்க முதலாளியைச் சேரும்."

அப்பா சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அவர் வைத்த கெடு அவருக்கு மறந்துபோயிருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றும்; மறக்கவில்லை என்று அடுத்த நிமிஷம் தெரியும். ஏனென்றால் வாசல்படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "டெஸ்ட் என்னிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நவமியன்று விடியும்போதே விழித்துக்கொண்டேன். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, சரி. நினைக்கலாம் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாற்கரத்தை நினைத்து, ஒரு கோட்டை நினைத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் அதைத் திருப்பிப் பார்ப்பேன். மூன்று மூலை சரியாக வரும். நான்காவது மூலை எங்கே போனது என்று தெரியாது. வாசலில் அம்மா கோலம் போட்டுவிட்டு உள்ளே போன பிறகு, மிச்சம் இருந்த மாவை எடுத்து ஓரமாக ஒரு முக்கோணம் இழுத்தேன். அம்மா எப்படித்தான் பார்த்தாளோ, ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"அது என்ன வரைச்சல்?"

"கோலம்தான்."

"பாடத்தை வாசல்ல போட்டுட்டுக் கோலம்கறியா? அழி."

அழித்தேன். அழித்துவிட்டு அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போய் நின்றேன். "அம்மா, மடிக்கறது எழுத்தா?" என்று கேட்டேன்.

"எதை மடிக்கறது?"

"வெறும் காகிதத்தை. எழுத்து ஒண்ணும் இருக்காது."

அம்மா சுண்டலைக் கிளறிக்கொண்டே வெகு நேரம் யோசித்தாள். அவ்வளவு கஷ்டமான கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது. கடைசியில், "மடிச்சுக்கோ. நகத்தால கீறப்படாது" என்றாள்.

புத்தகத்துக்கு அட்டை போட வாங்கிய பழுப்புக் காகிதம் மிச்சம் இருந்தது. அன்று காலை முழுவதும், பிறகு மறுநாளும், கூடத்து மூலையில் உட்கார்ந்து காகிதத்தை மடித்தேன். ஒரு கோட்டின் இரண்டு முனையையும் ஒன்றின் மேல் ஒன்று சேர்த்து மடித்தால், நடுவில் நேர்குத்தாக ஒரு மடிப்பு விழுந்தது. அதற்குக் காம்பஸே வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைப் பாதியாக மடித்துப் பிரித்து, ஒரு மூலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பக்கத்து மூலையை அந்த நடு மடிப்பின்மேல் கொண்டுவந்து வைத்தால் அறுபது பாகை கிடைத்தது. ஈரக் குங்குமத்தால் நான்கு பொட்டு வைத்து, அதன் பக்கத்தில் மடித்து அழுத்திப் பிரித்தால், அந்தப் பக்கம் நான்கு பொட்டும் வந்து உட்கார்ந்தன. அந்த நான்காவது மூலை அங்கே இருந்தது. மடிப்பிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு தூரமோ அந்தப் பக்கமும் அவ்வளவே தூரம். அதைத்தான் டீச்சர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அளப்பதற்கு ஸ்கேல் இல்லாததால் விரற்கடையால் அளந்தேன். வாழை இலைத் துண்டொன்றை முக்கோணமாகக் கிழித்து, ஒரு மூலையில் ஊக்கைக் குத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் தென்காசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மடித்துப் பார்த்தது கையில் ஏறியதா, டெஸ்டில் வருமா, இதெல்லாம் சரஸ்வதிக்குத் தெரியாமல் செய்கிற திருட்டா என்ற மூன்று சந்தேகங்களும் என்னைவிட்டு நகரவில்லை. மடிப்பை நகத்தால் அழுத்தப் போவேன், அம்மா சொன்னது ஞாபகம் வந்து உள்ளங்கையால் அழுத்துவேன்.

விஜயதசமியன்று தெருவில் எல்லா வீட்டிலும் குழந்தைகள் காலையிலேயே புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்கள். என் பெட்டி கைக்கு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. அரிசியில் விரலால் எழுதச் சொன்னாள் அம்மா. என்ன எழுதினேன் என்று தெரியாமல் எழுதினேன். பிறகு புத்தகத்தைப் பிரித்தேன். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் தெரிந்தது. காம்பஸைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் டெஸ்டில் முதல் கேள்வியே, கொடுத்த அளவில் ஒரு முக்கோணம் வரைந்து அதன் மூன்று முனையையும் தொடுகிற வட்டம் வரைய வேண்டும் என்பது. காம்பஸை விரித்து, அளந்து, ஊன்றிச் சுற்றினேன். திருகில் ஊறியிருந்த எண்ணெயில் கால் தானாக வழுக்கி விரிந்துகொண்டே போனது. புறப்பட்ட இடத்துக்கு வட்டம் வந்து சேரவில்லை. ஒரு நெல் அகலம் வெளியே போய் நின்றது. அழித்துவிட்டு மறுபடி சுற்றினேன். இன்னும் வெளியே போனது. பாவாடையில் துடைத்தேன். சந்தனம்தான் வந்தது, எண்ணெய் போகவில்லை. பக்கத்துப் பெஞ்சில் பென்சில்கள் கீச்கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. விடைத்தாளை மடித்தேன். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முனையோடு முனை சேர்த்து மடித்து, மூன்று மடிப்பும் சந்தித்த இடத்தில் புள்ளி வைத்தேன். மையம் அச்சாகக் கிடைத்தது. காம்பஸை இரண்டு விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதை அசைக்காமல் தாளைச் சுற்றினேன். அப்படியும் வட்டம் மூடவில்லை.

டீச்சர் என் அருகில் வந்து நின்றார். "எந்தா குட்டீ இது, உத்தரக் கடலாஸோ, பொதியிலயோ?" என்று கேட்டார். விடைத்தாளா, பொதிச்சோறு கட்டுகிற இலையா என்றதும் வகுப்பே சிரித்தது. தோற்றவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்த வகுப்பு அது. அவர்களும் சிரித்தார்கள்.

விடைத்தாள் மறுநாளே வந்தது. உருவத்தைத் திருப்பி வரைகிற கணக்குக்கு முழு மார்க். வட்டத்துக்கும் மற்ற வரைதல்களுக்கும் ஒன்றுமில்லை. காம்பஸால் போட்ட வில் கோடுகள் காணவில்லை, மடிப்புக்கு மார்க் கிடையாது. தேறுவதற்குக் கொஞ்சம்தான் குறைந்தது. கொஞ்சம் குறைந்தாலும் தோல்வி தோல்விதான்.

வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் ரவிக்கையின் கழுத்து வெட்டுகிறவளுக்கு வளைவு தெரியும்.

"ஏண்டி இந்த வட்டம் வாயைப் பொளந்துண்டு இருக்கு?"

"காம்பஸ் வழுக்கறதும்மா."

"ஏன் வழுக்கணும்?"

எண்ணெயால் என்று சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளே காம்பஸை எடுத்துக் கால்களை விரித்தாள். விட்டதும் அது தானாக அகன்றது. விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், சீயக்காய்ப் பொடி போட்டு, அதைக் குழந்தையின் தலையைத் தேய்ப்பதுபோல் தேய்த்து அலம்பினாள். வெயிலில் வைத்தாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. கோபு தோற்ற அன்றுகூட.

அப்பா மாலையில் வந்து, தாளைப் பார்த்து, கோபிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு போறேன். துணிமணி எடுத்து வை" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும்.

அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றாள். "முடியாது" என்றாள்.

"என்ன முடியாது?"

"பூஜைக்கு வெச்சு எடுத்த புஸ்தகத்தை அடுத்த பூஜை வரைக்கும் கீழே வெக்கப்படாது. பாதியில நிறுத்தினா சரஸ்வதியை வாசலோட அனுப்பின மாதிரி."

"அப்படி யாரு சொன்னா?"

"எங்க பொறந்தாத்துல அப்படித்தான்."

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையே?"

"இத்தனை வருஷமா யாரும் நிறுத்தலை."

அப்பா விடைத்தாளை மறுபடி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். செய்தித்தாளை மடிப்போடு வைத்திருந்தவர், கேலி செய்தாலும் அம்மாவின் விதியை மீறாதவர். திடீரென்று அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

"அப்போ கோபு புஸ்தகத்தையும்தான் வெச்சே. அவனுக்கு?"

உள்ளே கோபு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். அம்மா கண்ணிமைக்கவில்லை.

"அவனும்தான். நாளைக்கே டுட்டோரியலுக்குப் போகணும்."

"அம்மா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நான் என்ன பண்ணினேன்?"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்தபின் ஒருவரை ஊருக்கு அனுப்புவது கஷ்டம். அத்தைக்கு அங்கேயே தெரிந்த பெண் ஒருத்தி கிடைத்தாள். அதன்பின் அத்தை எங்கள் வீட்டுக்கு வெகு நாள் வரவில்லை. கோபு தம்பானூர் டுட்டோரியலில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து அந்த மார்ச்சில் தேறினான். நானும் ஒன்பதைத் தாண்டினேன், பத்தைத் தாண்டினேன், காலேஜுக்கும் போனேன். ஒவ்வொரு விஜயதசமிக்கும் அம்மா தன் விதியை மறுபடி சொல்வாள், அப்பா தலையாட்டுவார்.

பின்னாளில் நான் பலரைக் கேட்டுப் பார்த்தேன். கோயில் குருக்களைக் கேட்டேன், அம்மா பிறந்த வீட்டு மாமாவைக் கேட்டேன், கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியாரைக் கேட்டேன். அப்படி ஒரு விதியை யாரும் கேள்விப்பட்டதில்லை. அம்மாவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. கேட்காததே நல்லது என்றும் தோன்றுகிறது. போன வருஷம் அம்மா போய்விட்டாள்.

இன்று அஷ்டமி. நாங்கள் இப்போது இருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டிலும் புத்தகம் மூடிக் கிடக்கப் போவதில்லை. படித்து முடித்த பழைய புத்தகம் ஒன்றை வைத்துவிட்டு, மற்றதைக் குழந்தைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் தெரு முழுவதும் கிடந்த, யாரும் எதையும் வாசிக்காத அந்த அமைதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எதிர்வீட்டில் டெலிவிஷன் பாடுகிறது. என் பெண் நான்காம் வகுப்பு. லீவு முடிந்ததும் அவளுக்கும் டெஸ்ட். கணக்குப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வைக்கணுமாம்மா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "நீதானே படிச்சவ, நீயே சொல்லு" என்று அவள் அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டார். வை என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, வைக்காதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அம்மாவாக இருந்தால் சுண்டலைக் கிளறிக்கொண்டே ஒரு விதியைச் சொல்லியிருப்பாள். இப்போது மணி நாலாகிறது. விளக்கேற்றுவதற்குள் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.